எந்த சீல் போயிற்று? மலைச்சைக்கிள் ஃபோர்க்கின் கோளாறைக் கண்டறியும் வழி

மலைச்சைக்கிளின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தாலும் சரி, குழியில் இறங்கும்போது 'டக்' என்று அடித்தாலும் சரி, பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சீல் போய்விட்டது." காய்ச்சல் என்று வந்தவரிடம் "உடம்பு சரியில்லை" என்று சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. காற்றில் இயங்கும் ஒரு ஃபோர்க்குக்குள் சீல் என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு உறுப்புகள் நான்கு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று போனால் 15 நிமிட வேலை. இன்னொன்று போனால் ஃபோர்க்கை முழுவதும் பிரித்தாக வேண்டும். எந்த சீல் என்று தெரியாமல் பணம் கொடுத்தால், நல்ல சீலைக் கழற்றிவிட்டுப் புது சீலைப் போட்டிருப்பார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

ஃபோர்க்கைப் பிரிக்காமலே, கையும் காதும், ஃபோர்க்குக்குக் காற்று அடிக்கும் ஒரு பம்பும் கொண்டு எந்தப் பகுதியில் கோளாறு என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பது புரிய வேண்டும்.

ஸ்பிரிங் ஒரு கால், டேம்பர் ஒரு கால்

ஹேண்டில்பாருக்குக் கீழே தெரியும் இரண்டு வழவழப்பான குழாய்களுக்கு ஸ்டான்ஷன் என்று பெயர். நம் ஊர் மெக்கானிக்குகள் மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் ஃபோர்க் பைப் என்பார்கள். அவை சறுக்கி இறங்கும் வெளிக்கூடு, அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதி, லோயர். நல்ல ஃபோர்க்குகளில் இது மக்னீசியத்தில் வார்க்கப்பட்டிருக்கும். ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் ஃபோர்க்குகளிலும் வழக்கமாக, சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் இடப்பக்கக் காலில் காற்று ஸ்பிரிங், வலப்பக்கக் காலில் டேம்பர். இடப்பக்கம் மேலே ஒரு மூடி இருக்கும். அதைத் திருகினால் காற்று அடிக்கும் வால்வு. வலப்பக்கம் மேலே இறுக்கத்தை மாற்றும் குமிழும், அதே காலின் அடியில் மீளும் வேகத்தை மாற்றும் குமிழும் இருக்கும். ராக்‌ஷாக்ஸின் கீழ்க்குமிழ் அருகே ஒரு பக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் போட்டிருப்பார்கள். ஆமைப் பக்கம் திருப்பினால் ஃபோர்க் மெதுவாக மேலே வரும், முயல் பக்கம் திருப்பினால் விரைவாக வரும்.

ஸ்பிரிங்கின் வேலை எல்லோருக்கும் தெரியும். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஒரு கல்லில் ஏறிய சக்கரம், வாங்கிய ஆற்றல் அத்தனையையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஹேண்டில்பார் கையை உதைக்கும். அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடும் பொறிதான் டேம்பர். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். ஃபோர்க் அமுங்கும்போதும் எழும்போதும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டும். மெதுவாகத் தள்ளினால் எளிதாக வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கும்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் கண்ணாடிக் கதவின் மேல் ஒரு பெட்டியும் மடங்கும் கையும் இருக்கும், கதவைத் தானே மெதுவாகச் சாத்த. அதற்குள்ளும் ஒரு ஸ்பிரிங், எண்ணெய், ஒரு பிஸ்டன். பழைய கட்டடங்களில் பாருங்கள்: கதவின் மேல் பகுதியில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டிக் கறுத்திருக்கும், அந்தக் கதவுதான் 'படார்' என்று அறைந்து சாத்தும். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது, எண்ணெய்தான் போய்விட்டது. டேம்பர் போன ஃபோர்க் நடந்துகொள்வதும் இப்படித்தான்.

மலைச்சைக்கிளுக்கு இந்த ஏற்பாடு வந்து ஒரு தலைமுறைதான் ஆகிறது. மோட்டார் சைக்கிள் பந்தய உலகிலிருந்து வந்த பால் டர்னர் உருவாக்கிய ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஏறத்தாழ 50 மி.மீ. மட்டுமே அமுங்கியது. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் மலையிறக்கப் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்குடன் வென்றார். இன்று சாதாரணக் காட்டுப் பாதைக்கான சைக்கிளிலேயே 140, 150 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் இருக்கிறது. அமுங்கும் தூரம் கூடக் கூட சீல்களின் மேல் விழும் வேலையும் கூடியிருக்கிறது.

இன்னும் போவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: உங்கள் ஃபோர்க்கில் டேம்பர் இருக்கிறதா? இங்கே குறைந்த விலையில் விற்கும் பல சைக்கிள்களின் ஃபோர்க்கில் கம்பிச் சுருள் ஸ்பிரிங்கும் கொஞ்சம் கிரீஸும் மட்டுமே இருக்கும். மேலே இருக்கும் பூட்டும் குமிழ் ஒரு கொக்கி போல வேலை செய்யும், அவ்வளவுதான். மீளும் வேகத்தை மாற்றும் குமிழே இல்லாத அப்படிப்பட்ட ஃபோர்க் துள்ளினால் அது கோளாறு இல்லை. அதன் இயல்பே அது.

நான்கு சீல்கள், ஒரு ரப்பர் பை

முதலாவது, எல்லோர் கண்ணுக்கும் படுகிற வைப்பர் சீல். லோயரின் வாயில் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். தூசியை வெளியே நிறுத்துவதும், லோயருக்குள் இருக்கும் சிறிதளவு எண்ணெயை உள்ளே நிறுத்துவதும் இதன் வேலை. அதற்குக் கீழே எண்ணெயில் ஊறிய ஒரு நுரைப்பஞ்சு வளையம் இருக்கும். குழாயை ஈரமாகவே வைத்திருப்பது அதன் பொறுப்பு.

இரண்டாவது, இடப்பக்கக் காலில் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பிஸ்டன் சீலும் அதன் கூட்டாளிகளும். காற்று ஸ்பிரிங்கில் இரண்டு அறைகள் உண்டு: மேலே ஒன்று ஃபோர்க்கைத் தூக்கும், கீழே ஒன்று அதை லேசாக எதிர்த்துத் தொடக்க அமுக்கத்தை மிருதுவாக்கும்.

மூன்றாவது, வலப்பக்கக் காலில் டேம்பரின் கம்பி உள்ளே போய் வரும் இடத்தில் இருக்கும் சீல். நான்காவது, இரண்டு கால்களின் அடியிலும் திருகுடன் சேர்த்து நசுக்கிப் பொருத்தும் வாஷர். சின்னப் பொருள்தான். ஆனால் பழைய வாஷரையே திரும்பப் போட்டதால் சொட்டும் ஃபோர்க்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் பைக்கு ஒரு காரணம் இருக்கிறது. நிறைகுடத்தில் கையை விட்டால் நீர் வழியும். எண்ணெய் நிறைந்த டேம்பருக்குள் கம்பி நுழைந்தாலும் அதே கதைதான். அந்த எண்ணெய்க்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். ராக்‌ஷாக்ஸின் சார்ஜர் வகையில் முதல் தலைமுறைகளும் ஃபாக்ஸின் ஃபிட்4 வகையும் அதற்காக ஒரு ரப்பர் பையை வைத்திருக்கின்றன; எண்ணெய் வரும்போது பை உப்பும், போகும்போது சுருங்கும். ஃபாக்ஸின் கிரிப் வகையில் பைக்குப் பதிலாக ஸ்பிரிங் தாங்கும் ஒரு மிதக்கும் பிஸ்டன். எண்ணெய் மிகுந்தால் அது தானாகவே லோயருக்குள் வெளியேறிவிடும் வகையில் அமைத்திருக்கிறார்கள். நீண்ட நாள் உழைக்கும் ஏற்பாடு என்பதால் தொடக்கநிலையாளருக்கு நான் இந்த வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

எண்ணெய் எங்கே தெரிகிறது?

கசிவைப் பார்த்ததும் துடைத்துவிடாதீர்கள். எங்கே, எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

குழாயில் மெல்லிய மோதிரம் போல ஒரு கோடு, விரலால் தொட்டால் லேசான பிசுக்கு: இது நோய் இல்லை. குழாய் ஈரமாக இருந்தால்தான் சீல் உழைக்கும். அந்தக் கோடு தடித்து, மண்ணோடு கலந்து கறுத்து, ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் லோயரின் மேல் வழிந்தால் வைப்பர் சீலின் உதடு தேய்ந்திருக்கிறது அல்லது அதனடியில் மணல் சிக்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வழிந்தால் அந்தப் பக்கக் குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தைக் குழாயின் மேல் மெதுவாக மேலிருந்து கீழே இழுங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே கீறல் இருக்கிறது. புது சீல் போட்டாலும் அந்தக் கீறலின் விளிம்பு அதைச் சீவித் தள்ளிவிடும். மிகச் சிறிய கீறலாக இருந்தால் மிக நுண்ணிய நீர் உப்புத்தாளால் விளிம்பை மழுக்கலாம். மேற்பூச்சே உரிந்து வெள்ளையாகத் தெரிந்தால் குழாய்களையும் மேல் தாங்கியையும் மொத்தமாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஃபோர்க்கிலேயே விலை கூடிய பாகம் அது.

காலின் அடியில் சொட்டினால் முதலில் வாஷரைச் சந்தேகியுங்கள். வலப்பக்க மேல் குமிழைச் சுற்றி ஈரமாக இருந்தால் டேம்பரின் மேல் மூடியில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் காரணம். காற்று வால்வை அழுத்தும்போது எண்ணெய் தூவலாகத் தெறித்தால் கொஞ்சம் பரவாயில்லை, உள்ளே பூசிய மசகு அது. கொப்பளித்து வந்தால் லோயரின் எண்ணெய் காற்று அறைக்குள் ஏறியிருக்கிறது. காற்றுப் பக்க சீல் பலவீனம்.

வெளியே ஒரு சொட்டுக்கூட வராமல் கெட்டுப்போகும் ஃபோர்க்தான் கண்டுபிடிக்கக் கடினமானது. டேம்பரின் கம்பி சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியே தரையில் விழாது, லோயருக்குள்தான் இறங்கும். குழாய் பளிச்சென்று இருக்கும், ஃபோர்க் மட்டும் நாளுக்கு நாள் துள்ளும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: கம்பி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் லோயரின் எண்ணெயைத் துளித்துளியாக டேம்பருக்குள் இழுத்துச் செல்லும். ரப்பர் பை உப்பிக்கொண்டே போகும். ஃபோர்க் கடைசிப் பகுதியில் கல் போல இறுகும். ஒருநாள் பை வெடிக்கும். கசிவு இல்லாததால் சீல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துப் பல மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு.

பிரிப்பதற்கு முன் செய்யும் சோதனைகள்

முதலில் ஃபோர்க்கைக் கழுவித் துடையுங்கள். பிறகு ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) மீதான சந்தேகத்தை விலக்கிவிட வேண்டும், ஏனென்றால் 'டக் டக்' என்ற ஆட்டம் அங்கிருந்தும் வரும். முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் சக்கரத்தை 90 பாகை திருப்பி அதையே செய்யுங்கள். திருப்பிய பிறகும் ஆடினால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. ஆட்டம் மறைந்தால் குழாய் சறுக்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். வைப்பர் சீலும் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்து அசைத்தால் அந்த ஆட்டம் விரல் நுனியில் தெரியும். புஷ் தேய்ந்த ஃபோர்க்கில் எத்தனை புது வைப்பர் போட்டாலும் கசியும். குழாய் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்தால் எந்த ரப்பர் உதடும் தாங்காது.

அடுத்தது நான் மிகவும் நம்பும் சோதனை. காற்று ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். அவசரப்பட வேண்டாம், வால்வைக் கொஞ்சம் அழுத்துவது, ஃபோர்க்கைக் கொஞ்சம் அமுக்கி எழுப்புவது என்று மாறி மாறிச் செய்யுங்கள். ஒரேயடியாக விட்டால் கீழறையில் மாட்டிய காற்று ஃபோர்க்கை உள்ளிழுத்துக்கொள்ளும். காற்று போனதும் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க் உங்கள் கையில் இருக்கிறது. இப்போது உணர்வது எல்லாம் டேம்பரும் உராய்வும்தான். வேறு எதுவும் குறுக்கே இல்லை.

ஹேண்டில்பாரை மெதுவாகக் கீழே தள்ளுங்கள். ஃபோர்க் அதன் முழுத் தூரமும் இறங்க வேண்டும். 150 மி.மீ. ஃபோர்க் என்றால் கிட்டத்தட்ட அத்தனையும். இறங்கிவிட்டால், சவாரியில் முழுத் தூரம் கிடைக்காததற்குக் காற்றழுத்தம் அதிகம், அல்லது காற்றறையின் இடத்தைக் குறைக்க உள்ளே போட்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் அதிகம், எளிய விஷயம். காற்றே இல்லாதபோதும் 30, 40 மி.மீ. மீதமிருக்கும்போதே சுவரில் முட்டியது போல நின்றால் உள்ளே தேவைக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் அமுங்காது. அது லோயரிலும் இருக்கலாம், உப்பிய டேம்பரிலும் இருக்கலாம்.

இதை நான் கற்றது சொந்த இழப்பில். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு என் ஃபோர்க்கை மோட்டார் சைக்கிள் வேலையில் கைதேர்ந்த ஒரு பட்டறையில் கொடுத்தேன். சுத்தமான வேலை, அழகாகத் துடைத்துத் தந்தார்கள். ஏறி உட்கார்ந்து அமுக்கினால் பாதியில் நின்றது. மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கில் ஒரு காலுக்கு நூற்றுக்கணக்கான மி.லி. எண்ணெய் ஊற்றுவது சரி, அங்கே அந்த எண்ணெயே டேம்பரின் எண்ணெய். மலைச்சைக்கிள் ஃபோர்க்கின் லோயரில் இருப்பது மசகுக்காக மட்டும். மாதிரியைப் பொறுத்து ஒரு காலுக்கு 5, 10, 20 மி.லி. போதும். என் ஃபோர்க்கின் அடித் திருகைத் தளர்த்தித் தட்டியபோது எண்ணெய் கிண்ணத்தில் விழவில்லை, பீய்ச்சி அடித்தது. அளந்து பார்த்ததில் இரண்டு காலிலுமாக ஒரு டம்ளருக்கு மேல். அந்த நிலையிலேயே இரண்டு வாரம் மலை இறங்கியிருந்தேன். அந்த அழுத்தத்தில் வைப்பர் சீல் இரண்டும் மேலே பிதுங்கியிருந்தன. பட்டறைக்காரரின் கைத்திறனில் குறை இல்லை, இந்த ஃபோர்க் வேறு இனம் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால் உங்கள் மாதிரிக்கான எண்ணெய் அளவை உற்பத்தியாளரின் கையேட்டிலிருந்து எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

காற்றில்லாத அதே நிலையில் அடுத்த சோதனை. மீளும் வேகக் குமிழை ஆமைப் பக்கம் முழுவதும் திருப்பி, அமுக்கிய ஃபோர்க்கை மேலே இழுங்கள். தேனில் கரண்டியை இழுப்பது போலக் கனமாக வர வேண்டும். முயல் பக்கம் முழுவதும் திருப்பி இழுத்தால் லேசாக வர வேண்டும். இரண்டும் ஒன்று போலவே இருந்தால் டேம்பர் வேலை செய்யவில்லை. எண்ணெய் போயிருக்கலாம், உள்ளே சரிசெய்யும் ஊசி உடைந்திருக்கலாம். எப்படியானாலும் டேம்பரைத் திறந்தாக வேண்டும். காற்று அடித்த பிறகு இதே கோளாறு, ஃபோர்க் எகிறி மேலே வந்து 'டங்' என்று உலோகம் மோதுவதாகக் கேட்கும்.

இப்போது மேலும் கீழுமாகச் சிறிய அசைவுகள். தள்ளுவதிலிருந்து இழுப்பதற்கு மாறும் அந்த நொடியைக் கவனியுங்கள். ஆரோக்கியமான டேம்பர் திசை மாறியதும் உடனே எதிர்க்கும். உள்ளே காற்றுக் குமிழி புகுந்திருந்தால் 5, 10 மி.மீ. தூரத்துக்கு எதுவும் இல்லாத ஒரு வெற்றிடம் தெரியும், பிறகுதான் பிடிக்கும். இதைக் கையால் உணர்ந்து பழக ஒரு வழி: ஊசி இல்லாத மருந்து ஊசிக்குழலில் தேங்காய் எண்ணெயை நிரப்பி, வாயை விரலால் மூடித் தள்ளுங்கள், அசையாது. பிறகு ஒரு சின்னக் காற்றுக் குமிழியை உள்ளே விட்டு மறுபடி தள்ளுங்கள். குமிழி நசுங்கும் வரை கைப்பிடி வழுக்கிப் போகும், பிறகு கெட்டியாக நிற்கும். இதை ஒருமுறை செய்துவிட்டால் ஃபோர்க்கில் அந்த வெற்றிடத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடுவீர்கள். பூட்டும் குமிழ் இருந்தால் அதைப் பூட்டிவிட்டும் அமுக்குங்கள். பல மாதிரிகளில் பூட்டிய பிறகும் சில மி.மீ. அசைவது இயல்பு. ஆனால் பஞ்சு போலக் கொழகொழவென்று பல மி.மீ. இறங்கிய பிறகே பிடித்தால் குமிழிதான் காரணம்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 'சளக் சளக்' என்ற ஒலி பல நல்ல ஃபோர்க்குகளிலும் கேட்கும், துளைகள் வழியே எண்ணெய் பாயும் ஒலி அது. சத்தமும் வெற்றிடமும் சேர்ந்தே வந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

காற்று போகிறதா, போவது போலத் தெரிகிறதா?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று வருவது பெரும்பாலும் பம்பின் குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கின் காற்று இல்லை. மறுநாள் பம்பை மாட்டினால் அளவுமானி குறைவாகக் காட்டும். ஃபோர்க்கின் காற்று பம்பின் குழாயை நிரப்பப் போனதால் வந்த குறைவு அது. ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்து "தினமும் காற்று இறங்குகிறது" என்று சொல்கிறவர், அளப்பதாலேயே காற்றை இறக்கிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று: புதிதாகக் காற்று அடித்துப் பத்து முறை அமுக்கினால் அழுத்தம் கணிசமாகக் குறையும். கீழறைக்குக் காற்று பிரிந்து போகிறது. திரும்ப நிரப்பினால் சரி.

உண்மையான கசிவைப் பார்க்க, பம்பைத் தொடாமல், ஸ்டான்ஷன் குழாயில் நகரும்படி மாட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் வளையத்தைப் பயன்படுத்துங்கள். நிற்கும் நிலையில் உங்கள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துவைத்து, இரண்டு நாள் கழித்து அதே உடையில், அதே பையோடு மறுபடி பாருங்கள். இறக்கம் கூடியிருந்தால் கசிவு உண்டு. டியூப் பஞ்சர் பார்ப்பது போல வால்வின் மேல் சோப்பு நுரை வையுங்கள். குமிழி வந்தால் வால்வுக் கட்டையை இறுக்கினாலே பல நேரம் முடிந்துவிடும்.

வெளியே குமிழி இல்லை, ஆனாலும் ஃபோர்க் தானாகவே குட்டையாகிக்கொண்டே போகிறது, மேலே இழுத்தால் திரும்ப உள்ளே போகிறது என்றால், மேலறைக் காற்று பிஸ்டன் சீலைத் தாண்டிக் கீழறைக்குள் சேர்ந்திருக்கிறது. காற்று லோயருக்குள் கசிந்தால் அடையாளம் வேறு: அழுத்தம் குறையும், ஆனாலும் ஃபோர்க் முழுத் தூரமும் இறங்காது. பிரிக்கும்போது அடித் திருகைத் தளர்த்தியதும் 'உஸ்' என்ற பெருமூச்சு கேட்கும்.

கோளாறே இல்லாமல் லோயருக்குள் காற்றழுத்தம் கூடும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. மலையடிவார மேட்டுப்பாளையத்தில் பிரித்து மறுபடி பொருத்திய ஃபோர்க்கை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று அப்படியே இருக்கிறது. 35 மி.மீ. குழாய்கள் இரண்டின் மேலும் சேர்த்து ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசை ஃபோர்க்கை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சின்னச் சின்னக் கற்களில் ஃபோர்க் மிருதுவாக இறங்க மறுப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். ஃபாக்ஸின் அண்மைக்கால 36, 38 ஃபோர்க்குகளின் பின்புறம் இதற்கென்றே சிறு பொத்தான்கள் இருக்கின்றன. இல்லாதவர்கள், முனை மழுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றை வைப்பர் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே மெதுவாக நுழைத்தால் காற்று வெளியேறிவிடும். ஸ்க்ரூடிரைவரை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

திறந்த பிறகு கிண்ணத்தில் பார்க்க வேண்டியது

சந்தேகம் லோயர் அல்லது வைப்பர் பக்கம் நின்றால் வீட்டிலேயே செய்யலாம். காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே எதையும் தளர்த்த வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் பாகம் முகத்தில் பாய்ந்தால் காயம் சிறியதாக இருக்காது. இரண்டு அடித் திருகுகளையும் மூன்று நான்கு சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு காலின் எண்ணெயையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடியுங்கள். இந்தத் தனித்தனி என்பது முக்கியம்.

டேம்பர் பக்கக் கிண்ணத்தில் நீங்கள் ஊற்றிய 10 மி.லி.க்குப் பதில் 40 மி.லி. இருந்தால், அதுவும் வேறு நிறத்தில் நீர்த்து இருந்தால், டேம்பர் தன் எண்ணெயை அங்கே கொட்டியிருக்கிறது. கிரிப் வகையில் சிறிதளவு கூடுதல் இயல்பு என்பதை மறந்துவிட வேண்டாம். இரண்டு கிண்ணமும் ஏறத்தாழக் காலியாக இருந்தால் வைப்பர் வழியே வெளியேறியிருக்கலாம், அல்லது டேம்பர் குடித்திருக்கலாம். முந்தைய சோதனையில் கடைசிப் பகுதி இறுகியதா என்பதோடு சேர்த்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அழுத்த நீர்க் குழாயால் சீலைக் குறிவைத்துக் கழுவும் சர்வீஸ் நிலையங்களுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாம்பல் கலந்த கறுப்பு என்றால் நாள்பட்ட எண்ணெய், அவ்வளவே. நுரைப்பஞ்சை எடுத்துப் பிழியுங்கள். மண் கரைந்து வந்தால் அது பல மாதமாகக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ரப்பரை ஊறவைக்காதீர்கள், உப்பிப்போகும். துரு நீக்கும் தூவியை வைப்பர் மேல் அடிக்கும் பழக்கமும் கெடுதல். ஒரு நாள் வழுவழுப்பாக இருக்கும், பிறகு உள்ளிருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். புது வாஷரோ, கையேடு அனுமதித்தால் நன்றாகச் சுத்தம் செய்த பழையதோ போட்டு, எண்ணெயை ஊசிக்குழலால் அளந்து ஊற்றி, திருகை முறுக்கு அளவுள்ள ரென்ச்சால் இறுக்குங்கள். அவை சிறு திருகுகள், கைவேகத்தில் உடைந்துவிடும்.

டேம்பர் என்று முடிவானால் வேறு கதை. குமிழி இல்லாமல் எண்ணெய் நிரப்ப அதற்கென்று கருவிகளும் பழக்கமும் வேண்டும். முதல் முறையிலேயே வீட்டில் முயல வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் பட்டறையில் போய், "ஆமைப் பக்கமும் முயல் பக்கமும் ஒரே மாதிரி வருகிறது, திசை மாறும்போது ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருக்கிறது, வலது காலில் 40 மி.லி. வந்தது" என்று சொல்ல முடிந்தால், அவர் நேராக டேம்பரைத் திறப்பார். வைப்பரை மாற்றிவிட்டுக் காத்திருக்கச் சொல்ல மாட்டார்.

ராக்‌ஷாக்ஸ் பல மாதிரிகளுக்கு லோயர் சர்வீஸை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையும் டேம்பர் சர்வீஸை 200 மணி நேரத்துக்கு ஒருமுறையும் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சேற்றில் ஓட்டுகிறவர் இதைவிட முன்னதாகவே திறப்பது நல்லது. என் சைக்கிளை நான் அடைமழைக்கு முன்னும் பின்னும் திறக்கிறேன். பல வாரம் ஓட்டாமல் வைத்திருந்தால், சவாரிக்கு முந்தைய இரவு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவையுங்கள். ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் காலையில் நிமிர்த்தியதும் லீவரைச் சில முறை அழுத்திப் பாருங்கள். லோயரின் அடியில் தேங்கிய எண்ணெய் இரவில் இறங்கி நுரைப்பஞ்சை நனைத்திருக்கும்.

சர்வீஸ் முடிந்த முதல் இரண்டு சவாரிகளில் குழாயில் எண்ணெய் மோதிரம் கொஞ்சம் தடிப்பாகவே தெரியும். பஞ்சில் கூடுதலாக ஊறியிருந்த எண்ணெய் வெளியே வருவதுதான் அது. துடைத்துவிட்டு ஓட்டுங்கள். மூன்றாவது சவாரிக்குப் பிறகும் அதே தடிப்பில், அதுவும் ஒரே காலில் மட்டும் வந்தால், அந்தக் குழாயில் நகத்தை மறுபடியும் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள்.